காயாத மாதத்தில் வரும் பண்டிகை

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று வாரங்களில் நேரும் தொல்லைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். பண்டிகைக்குக் காய வேண்டிய பொருள்கள் ஏராளம். டிசம்பரிலோ எதுவும் காய்வதில்லை. பச்சரிசி உலர வேண்டும், சுவரில் அடித்த சுண்ணாம்பு காய வேண்டும், கஞ்சி போட்ட வேட்டி காய வேண்டும், மொட்டை மாடியில் கட்டிய நட்சத்திரத்துக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க வேண்டும், பஜனைக்குக் கொண்டுபோகும் டோலக்கின் தோல் விறைப்பாக இருக்க வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் இறுதிவரை எங்கள் பக்கத்தை விடுவதில்லை. குளங்களும் வயல்களும் அந்த மழையை நம்பியே இருப்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும், பண்டிகை வேலையைத் தலையில் சுமக்கும் வீடுகளில் இந்த மாதம் எப்படிக் கழிகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில், ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தேவாலயத்தின் மணியோசை காதில் விழும் தொலைவில் இருக்கிறது. இங்கே பண்டிகை வேலை மாவில்தான் தொடங்கும். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். அள்ளினால் கையில் ஒட்டக்கூடாது. அதே நேரத்தில் மணிக்குள் ஈரம் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் இந்தப் பக்குவம், அடைமழை நாளில் மின்விசிறிக்குக் கீழே மூன்று மணி நேரம் கிடந்தாலும் வருவதில்லை. ஈரம் கூடிய மாவைப் பாகில் கிளறினால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. தட்டி எண்ணெயில் போட்ட பிறகுதான் அதிரசம் ஓரங்களில் பிரிந்து, நுரைத்து, சட்டி முழுவதும் தூளாகப் பரவும். அந்த எண்ணெயை வடிகட்டாமல் அடுத்ததைப் போட முடியாது. வடிகட்டுவதற்குள் அடுப்படியில் இருப்பவர்களின் பொறுமையும் போய்விடும்.

மாவு மில்லில் நிற்கும் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பச்சரிசி, வறுத்த சிறுபயறு, உளுந்து, மிளகாய், மல்லி என்று ஊரே தூக்குவாளிகளோடும் சம்படங்களோடும் வந்து நிற்கும். மிளகாய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்களில் கவலையில்லை. ஒரே இயந்திரத்தை வைத்துச் சமாளிக்கும் இடங்களில், மிளகாய் அரைத்த பின் யாருடைய அரிசி முதலில் விழுகிறதோ அவருடைய மாவு லேசாகச் சிவந்து, மூக்கில் ஏறும் நெடியோடு வெளியே வரும். அதனால் வரிசையில் தமக்கு முன்னால் இருப்பவரின் வாளியில் என்ன இருக்கிறது என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டே நிற்பார்கள். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் பாதி அரைபட்ட மாவை விட்டுவிட்டு வீட்டுக்கும் போக முடியாது. ஈர மாவு புளித்துவிடும் என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் தெருவில் அதிகமாகப் பயணம் செய்யும் பொருள் அச்சுமுறுக்கு அச்சுதான். நல்ல பழைய அச்சு எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. இருக்கும் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து அது சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சைக் காய்ந்த எண்ணெயில் நன்றாகச் சூடேற்றி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் எள்ளும் சேர்த்துக் கரைத்த மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் அமிழ்த்தி, உடனே எண்ணெய்க்குள் கொண்டுவர வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலாது. அச்சில் சூடு குறைந்தால் மாவு பிடிக்காது. கூடினால் மாவுக் கிண்ணத்திலேயே வெந்து விழுந்துவிடும். இத்தனையும் சரியாக அமைந்தாலும், அச்சு எண்ணெயில் ஊறிப் பழகியதாக இருக்க வேண்டும். இரவல் வாங்கிப்போன வீட்டில் யாரோ நல்லெண்ணத்தோடு பாத்திரச் சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்துவிட்டால், பல ஆண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பசை போய்விடும். அதன்பின் ஒவ்வொரு முறுக்கையும் ஈர்க்குச்சியால் குத்திக் கழற்ற வேண்டியிருக்கும். பாதி உடைந்தே வரும். போன ஆண்டு எங்கள் அச்சு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு முழுவதும் அதை எண்ணெயில் போட்டு வைத்து, காலையில் முதல் சில முறுக்குகள் வீணானாலும் பரவாயில்லை என்று பொறுமையாகச் சுட்டுச் சுட்டு அதை மீண்டும் வழிக்குக் கொண்டுவந்தார்.

சுட்டு முடித்தாலும் வேலை முடிவதில்லை. முறுக்கு ஆறுவதற்காகத் தாளில் பரப்பினால் அரை மணி நேரத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துப்போகும். சூட்டோடு டின்னில் அடைத்தால் உள்ளேயே வியர்த்து அப்போதும் நமத்துப்போகும். ஆறியும் ஆறாமலும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்து அடைக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். முந்திரிக்கொத்துக்கு இந்தக் கவலை குறைவு. வறுத்த சிறுபயற்று மாவும் கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்ந்து உருண்டையாகி, மேலே அரிசி மாவுக் கரைசலில் தோய்ந்து வெந்துவிடுவதால் அது மழையையும் தாங்கும். அடைமழை ஆண்டுகளில் முறுக்கைக் குறைத்து முந்திரிக்கொத்தைக் கூட்டுவதே அறிவான செயல் என்பது என் கருத்து.

வெள்ளையடிப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பரில் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் அது திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். செப்டம்பரில் அடித்துவிட வேண்டும்.

நட்சத்திரமும் சீரியல் செட்டும் அப்படி எளிதில் முடிவதில்லை. பழைய சீரியல் செட்டுகளில் குட்டிப் பல்புகள் எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்று கெட்டாலும் முழுச்சரமும் அணைந்துவிடும்; ஒவ்வொரு பல்பாகக் கழற்றிச் சோதிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். இப்போதைய எல்.இ.டி. சரங்களில் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, ஆனால் கம்பி மெலிந்துவிட்டது. ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு துளி மழைநீர் இறங்கினால் வீட்டின் டிரிப்பர் விழுந்து, குளிர்சாதனப் பெட்டி முதல் மோட்டார் வரை எல்லாம் நின்றுவிடும். எது காரணம் என்று தெரியாமல் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்ப்பதற்குள் பஜனை பாட வரும் சபையார் வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கற்றுக்கொடுத்த ஒரு முறையை இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நட்சத்திரத்துக்குள் போகும் வயரை நேராக ஹோல்டருக்குள் இறக்காமல், ஹோல்டரைவிட ஒரு சாண் தாழ்வாகத் தொங்கவிட்டு, பிறகு மேலே வளைத்து இணைக்க வேண்டும். வயரில் வழிந்து வரும் மழைநீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் ஏறாது. இதைச் செய்த பின் எங்கள் மாடியில் நட்சத்திரம் மழையிலும் அணைந்ததில்லை. ஈரக் கையோடு 230 வோல்ட் மின்சாரத்தைத் தொட்டுப் பார்க்கும் துணிச்சலைப் பிள்ளைகளுக்கு யாரும் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இயேசு பிறந்த காட்சியை அமைக்கும் குடிலுக்குப் பச்சைப் புல்வெளி வேண்டும் என்பதற்காகப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பாகத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி வைப்போம். வெயில் முகம் காட்டாத ஆண்டில் அது முளைக்கத்தான் செய்யும், ஆனால் வெளிறிப்போய், ஒல்லியாக நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அம்மன் கோயில் முளைப்பாரிக்கு இருட்டறையில் வளர்ந்த அந்த வெளிர்மஞ்சள்தான் அழகு. பெத்லகேம் மலைச்சரிவுக்கு அது பொருந்துவதில்லை. வைக்கோலும் அப்படித்தான். அறுவடை ஆகாத பருவத்தில் பழைய வைக்கோல் போரிலிருந்து உருவித் தரும் கட்டு உள்ளே நனைந்திருக்கும். கூரை வேய்ந்த மறுநாள் புழுங்கிய வாடை வரும். எங்கள் தம்பி அதைத் தோசைக்கல்லில் சிறிது சிறிதாக வாட்டி எடுத்த கதையை வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

இந்த மாதத்தில் எனக்கு மிகவும் இரக்கம் வருவது தையற்காரர்கள் மீதுதான். தீபாவளி நவம்பர் நடுவில் வரும் ஆண்டுகளில், அந்த நெருக்கடி முடிந்து கையை உதறுவதற்குள் கிறிஸ்துமஸ் துணிகள் வந்து குவிந்துவிடும். மற்ற ஊர்களில் தீபாவளியோடு ஓயும் தையல் வேலை, சபைகள் நிறைந்த எங்கள் பகுதியில் டிசம்பர் 24 நள்ளிரவு வரை ஓடும். சட்டை விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டுவதும் தைப்பதும் கடையில் நடந்தாலும், பட்டனுக்குத் துளை போட்டுக் காஜா எடுக்கும் வேலை பெரும்பாலும் வேறோர் இடத்தில் நடக்கும். பல கடைகளுக்குச் சேர்த்து ஒரே காஜாக்காரர் இருப்பார். அவரிடம் ஒரு நாள் மின்சாரம் போனாலோ, இயந்திரத்தில் ஊசி முறிந்தாலோ, அத்தனை கடைகளிலும் சட்டைகள் பட்டன் இல்லாமல் தொங்கும். “யக்கா, எல்லாம் முடிஞ்சிட்டு, காஜா மட்டுந்தான் பாக்கி. சாயந்தரம் வாங்க” என்று அவர் சொல்வதைப் பொய் என்று எண்ணி வாடிக்கையாளர்கள் சத்தம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் உண்மை. தோளில் அளவு நாடாவோடு, கண் சிவந்து, இரவு ஒரு மணிக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் குரல் உயர்த்துவது நியாயமாகப் படவில்லை.

பாடகர் குழுச் சேலை இன்னொரு வழக்கு. கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடும் கீத ஆராதனைக்குப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று நவம்பரில் முடிவெடுப்போம். கடைசி நேரத்தில் இரண்டு பேர் குழுவில் சேர்வார்கள். அவர்களுக்காக மறுபடியும் கடைக்குப் போனால், அதே நிறம் என்று கடையில் எடுத்துத் தரும் சேலை குழல்விளக்கில் ஒன்றாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் சற்று மாறும் என்பதால் அப்படி நேர்கிறது. மாறுபட்ட சேலைக்காரர்களைப் பின்வரிசையில் நிறுத்துவார்கள், அவர்கள் முகம் வாடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆராதனைக்கு வருகிறவர்கள் பாட்டைக் கேட்கத்தான் வருகிறார்கள். இதற்கிடையே பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்புவரை நீளும். மறுநாள் கணக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாட்டுப் பயிற்சிக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து சூத்திரங்களை முணுமுணுப்பதைக் காண வருத்தமாக இருக்கும்.

கேரல் பஜனை வரும் இரவுகளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. சபையார் வீடுவீடாக வந்து பாடி, ஜெபித்து, வாழ்த்துச் சொல்லிப் போகும் அந்த வழக்கத்தை நான் நேசிக்கிறேன். சிரமம் நேரத்தில்தான் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன குழு, முந்தைய தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பலகாரமும் சுக்குக்காப்பியும் சாப்பிட்டு, இடையில் வந்த மழைக்கு ஒதுங்கி நின்று, இரண்டு மணிக்கு எங்கள் வாசலுக்கு வரும். அதற்குள் பிள்ளைகள் புதுச்சட்டையோடு நாற்காலியிலேயே தூங்கியிருப்பார்கள், பிளாஸ்க்கில் இருந்த காப்பி ஆறியிருக்கும், தெருநாய்கள் விழித்திருக்கும். மழை ஈரத்தில் டோலக்கின் தோல் தளர்ந்து, அடித்தால் ஈரச்சாக்கைத் தட்டுவது போன்ற சத்தம் வரும். வாசிப்பவர் அதை எங்கள் அடுப்படிச் சூட்டில் சற்று நேரம் காட்டி விறைப்பேற்றிய பிறகுதான் பாட்டு தொடங்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதால் நல்ல குழுக்கள் மைக் இல்லாமல் பாடுவார்கள், அதுவே கேட்பதற்கும் இனிமை. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்து அலறும் குழந்தைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அடுத்த வீட்டில் நோயாளியோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருக்கலாம். எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், தெருக்களைப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பதிலாக மூன்று குழுக்களை அனுப்பி, பதினொரு மணிக்குள் முடிக்கலாம் என்று நான் சபைக் கூட்டத்தில் கேட்டு வருகிறேன். இந்த ஆண்டு இரண்டு குழுக்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் அண்ணன் குடும்பம் வந்து சேருவது தனிக்கதை. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஆகவே டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸிலும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலும் இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்; அதன்பின் காத்திருப்போர் பட்டியல், தட்கல், கட்டணம் ஏறிய ஆம்னி பேருந்து என்று அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் பேருந்தில் ஏறினால், நேரத்துக்குப் புறப்படுமா என்பது இன்னொரு கவலை. இரண்டு குழந்தைகளோடு புறவழிச்சாலை ஓரத்தில் மழையில் அவர்கள் நின்ற இரவும் உண்டு. அம்மா அன்று போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

இவையெல்லாம் சின்னச் சின்னத் தொல்லைகள் என்பதை 2023ஆம் ஆண்டு எங்களுக்குக் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான அட்வெந்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று மாலை எங்கள் சபையில் கீத ஆராதனை நடந்திருக்க வேண்டும். பகலிலிருந்தே மழை விடாமல் கொட்டியது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது; திருநெல்வேலி சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது; ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய்ச் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தாங்களே வெள்ளத்தில் இருந்த புதுக்குடி ஊரார் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். ஏரலில் இருக்கும் எங்கள் சித்தியிடமிருந்து சில நாட்களுக்கு எந்தத் தகவலும் இல்லை.

பாதை திறந்த பிறகு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அரைத்து வைத்திருந்த மாவும், வாங்கி வைத்திருந்த எண்ணெயும், குடில் பொம்மைகளும் போன கதையைக் கண்கலங்காமல் சொன்னவர், அவர்கள் தெருத் தையற்காரரைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டார். தைத்து முடித்துக் காஜாவுக்காக மடித்து வைத்திருந்த தெருப்பிள்ளைகளின் சட்டைகள் முழுவதும் சேற்றுக்குள் போய்விட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலசி, யாருடையது எது என்று அடையாளம் கண்டு, கூலி வாங்காமல் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அந்த ஆண்டு எங்கள் தெருவில் யாரும் பலகாரம் சுடவில்லை. பண்டிகைக்கு வாங்கிய அரிசியும் எண்ணெயும் ஆலய வளாகத்தில் சேர்ந்து, சாம்பார் சாதமாகவும் தக்காளிச் சாதமாகவும் பொட்டலங்களாகி ஆற்றங்கரைப் பக்கம் போயின. கீத ஆராதனை நடக்கவே இல்லை. ஆனால் 25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு, பழைய உடுப்பிலேயே, ஆலயம் நிறைந்திருந்தது.

நான் இத்தனை தொல்லைகளை எழுதினாலும், அவற்றின் பாரம் எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. மழை பொது. அரிசி உலர்கிறதா என்று இரவு எழுந்து பார்ப்பவரும், எண்ணெய்ப் புகையில் நிற்பவரும், தையல் கடைக்கு நடப்பவரும், இரண்டு மணிக்கு வரும் குழுவுக்குக் காப்பி சுட வைப்பவரும் பெரும்பாலான வீடுகளில் ஒரே பெண்ணாக இருக்கிறார். எங்கள் வீட்டில் அது அம்மா. எழுபது வயதைத் தாண்டிய அவர் பண்டிகை நாளில் அதிகாலை ஆராதனை முடிந்து வந்து, இறைச்சிக் கடையிலிருந்து ஆள் வருவதற்குள் மசாலா அரைத்து முடித்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டின்போது உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிடுவார். “ஒரு நாளைக்குத்தானம்மா, இருக்கட்டும்” என்பார். அவர் சொல்வது ஒரு நாள். அதற்குப் பின்னால் இருப்பது மூன்று வாரங்கள்.

ஆகவே இந்த ஆண்டு வேலைகளை மாற்றிப் பிரித்திருக்கிறோம். சிறுபயறு வறுத்து அரைக்கும் வேலையும் வெள்ளையடிப்பும் செப்டம்பர் வெயிலிலேயே முடிந்துவிட்டன. தைக்க வேண்டிய துணிகளைத் தீபாவளி முடிந்த முதல் வாரத்திலேயே கொடுத்தோம். அண்ணன் 21ஆம் தேதியே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பாகு கிளறுவதும் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி இறக்குவதும் அவர் பொறுப்பு. அச்சு இனித் தெருவைச் சுற்ற வேண்டாம் என்று பக்கத்து இரண்டு வீட்டாரோடும் பேசி, மூன்று வீட்டுப் பலகாரத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சுடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மாமா வீட்டுப் பின்வாசலில் தகரக் கொட்டகை இருக்கிறது. மூன்று அடுப்பு போடலாம், மழை வந்தாலும் வேலை நிற்காது. பாத்திரங்களை நாங்கள் கழுவிக்கொள்கிறோம், அச்சை மட்டும் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.